ஒரு வருஷப் பொண்டாட்டி

முதலில் கேட்டது ஒரு பெண்ணின் விசும்பல். கம்பளிக்குள் சுருண்டிருந்த நல்லமுத்துவுக்கு நெஞ்சு பகீரென்றது. சண்முகவடிவு அழுகிறாளா? கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அழுகிற உத்தியோகம் அவனுடையதாயிற்றே!

தலையை நீட்டிப் பார்த்தான். அழுதது டிவி. பொண்டாட்டி அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்க மஸ்கெலியா பஜாரில் கடைக்குக் காவல் இருந்துவிட்டு வந்து படுத்தவன். ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பகல்தூக்கம் வாய்க்குமா? எழுந்து உட்கார்ந்து அவனும் பார்த்தான்.

படத்தில் ஒப்பந்தக் கல்யாணம். ஒரு வருஷத்துக்கு மட்டும் புருஷன் பொண்டாட்டி. ஒருத்தரை ஒருத்தர் வேலை ஏவக் கூடாது. வருஷம் முடிந்தால் பிரிந்துவிட வேண்டும். கதாநாயகன் சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்தான். தண்ணீர் எடுத்து வா என்று அவனை யாரும் விரட்டவில்லை.

நல்லமுத்துவின் கண் வாசலில் இருந்த காலிக் கேனுக்குப் போனது. தினமும் பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, மூச்சு வாங்க மேடேறுவது அவன் பாடு. அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டான்.

"வடிவு, இனிமே நாமளும் அப்படித்தான்."

"எப்படி?"

"ஒப்பந்தம். நீ என்னைய வேலை ஏவக் கூடாது. நானும் ஒன்னைய ஏவ மாட்டேன்."

"சரிங்க."

அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொன்னதில்லை.

"நல்லா யோசிச்சியா? வருஷம் முடிஞ்சா பிரியணும்."

"பிரிஞ்சிருவோம்."

"அப்புறம் அழக் கூடாது."

"நான் ஏங்க அழறேன்?"

"நான் சாட்சி தம்பி!" என்றாள் பக்கத்துக் காம்பராக் காளியாயி, அங்கிருந்தபடியே. லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பேச்சு எல்லா வீட்டுக்கும் போகும்.

டிவியில் மறுபடி விசும்பல். வருஷம் முடிந்து, கதாநாயகி பெட்டியோடு மழையில் நடந்தாள்.

"அவ ஏங்க போறா?"

"வீடு அவன் பேர்ல இருக்கு. பின்னே யாரு போறதாம்?"

"ஓ! வீடு யாரு பேர்ல இல்லையோ அவங்கதான் போகணுமா?"

"அதானே நியாயம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தக் காம்பரா, தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தது. கொழுந்து பறிக்கிறவள் அவள். கந்தப்பளையிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து ஒட்டிக்கொண்டவன் அவன்.

"தம்பி," என்றது சுவர். "ஒங்க பெட்டியிலதான் நாங்க வெங்காயம் போட்டு வச்சிருக்கோம். கொட்டிட்டுத் தரவா?"

"இப்ப அவசரமில்லைக்கா," என்றான் நல்லமுத்து. "வடிவு… இந்த ஒப்பந்தத்தை விட்ருவோமா?"

"அதெப்படி? சாட்சியெல்லாம் வச்சாச்சு. நீங்க பயப்படாதீங்க, நான் ஒரு வேலையும் ஏவ மாட்டேன்."

திரையில் பெட்டி தூக்கியவள் இன்னும் நனைந்துகொண்டிருந்தாள். நல்லமுத்துவுக்குக் கண் கலங்கியது. சண்முகவடிவு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கடலைக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

யாரும் ஏவவில்லை. ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டு அவனே கேனைத் தூக்கினான்.

"தம்பி, அப்படியே எங்க கேனையும் எடுத்துக்கங்க," என்றாள் கேன் சத்தம் கேட்ட காளியாயி. "நான் ஒப்பந்தத்துல இல்லையே!"

பீலிக்கு இறங்கும்போது அவன் இரண்டு கையிலும் கேன் இருந்தது.