மீட்டர் அண்ணனும் எங்கள் தெருத் தண்ணீரும்

ஓசூரில் வாட்ஸ்அப் வைத்திருந்த யாரையும் நிம்மதியாக ஒரு பொய்யை நம்ப விடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் லேஅவுட்டின் மீட்டர் அண்ணன்தான்.

அவருடைய நிஜப் பெயர் முருகனின் பெயர்களில் ஏதோ ஒன்று. தபால்காரருக்கே அது மறந்துவிட்டது. தொழிற்சாலையில் இருக்கும் அளவுக் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. சட்டைப் பையில் மற்றவர்களுக்குப் பேனா இருக்கும் இடத்தில் இவருக்கு ஏதாவது ஒரு மீட்டர் எட்டிப் பார்க்கும்.

ஒருமுறை எங்கள் தெருக் குழுவில், 'இன்றிரவு விண்வெளிக் கதிர்கள் பூமியைத் தாக்கும், செல்போனை உடம்பருகே வைக்காதீர்கள்' என்று ஒரு செய்தி வந்தது. மறுநாள் 'காலை வணக்கம்' பூப் படங்களுக்கு நடுவே மீட்டர் அண்ணனின் பதிவு: 'போனை நெஞ்சில் வைத்துத் தூங்கினேன். உயிரோடு இருக்கிறேன். பிபி மட்டும் கொஞ்சம் கூட. அது முன்பே அப்படித்தான்.'

பிறகு பிளாஸ்டிக் அரிசி வந்தது. சோற்றை உருட்டித் தரையில் போட்டால் பந்து மாதிரி குதிக்கிறது என்று ஒரு வீடியோ. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசும் எதிர்வீட்டு நாராயணப்பா அதை நம்பி, வீட்டில் இருந்த அரிசி மூட்டையைக் குப்பையில் கொட்டக் கிளம்பினார். மீட்டர் அண்ணன் தன் வீட்டுக்குள் ஓடி ஒரு பிடி சோற்றை எடுத்துவந்தார். இறுக்கி உருட்டித் தெருவில் போட்டார். குதித்தது.

"பாத்தீரா? இது எம் பொண்டாட்டி வடிச்ச பொன்னி அரிசிச் சோறு. சோறுன்னா ஒட்டும், உருட்டிப் போட்டா குதிக்கும். இதுல பிளாஸ்டிக் எங்க இருக்கு?"

"ஹௌது சார், சரிதான்," என்றார் நாராயணப்பா. "ஆனா உங்க வீட்டம்மா பின்னால நிக்குறாங்கோ."

தான் வடித்த சோறு தெருவில் குதித்ததைப் பார்த்த அந்த அம்மாள் இரண்டு நாள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அண்ணன் கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் அந்தத் தண்ணீர் விவகாரம். ஆறு முழுக்க வெள்ளை நுரை மிதக்கும் ஒரு படத்தைப் போட்டு, 'கெலவரப்பள்ளி அணை விஷம் நம் போர்வெல்லில் கலந்துவிட்டது, யாரும் குடிக்காதீர்கள்' என்று யாரோ அனுப்பினார்கள். தெருவே கேன் தண்ணீருக்கு ஓடியது. நான் மீட்டர் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணா, நம்ம தண்ணியக் குடிக்கலாமாண்ணா? பாப்பா வேற இருக்குது."

"அந்தப் படம் வேற ஏதோ ஊருதும்மா. ரெண்டு வருசத்துக்கு முந்தினது. தண்ணியையும் அளந்துட்டேன். மீட்டர் முந்நூத்திப் பத்துதான் காட்டுது, ஐநூறுக்குள்ள இருந்தா நல்ல தண்ணி. தாராளமாக் குடிங்க."

அவர் சொன்னால் சொன்னதுதான். வாங்கி வைத்த கேனைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் என் மகள் யாழினிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தன. ஒன்பது வயதுக் குழந்தை, மாலைக்குள் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எங்கள் வரிசையில் அவர் பேச்சை நம்பிக் குடித்த இன்னும் ஆறு வீடுகளில் இதே கதை. பிளம்பர் தோண்டிப் பார்த்தார். போர்வெல்லிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் விரிசல் விட்டு, பக்கத்தில் போகும் கழிவுக் குழாயிலிருந்து கசிந்தது உள்ளே இறங்கியிருந்தது. படம் பொய். ஆனால் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது நிஜம்.

மூன்று நாள் கழித்து யாழினியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அன்று சாயங்காலம் மீட்டர் அண்ணன் என் வாசலில் நின்றார். பையில் எந்த மீட்டரும் இல்லை.

"நான் சொன்னது தப்பும்மா. அந்த மீட்டர் தண்ணியில கரைஞ்ச உப்பைத்தான் காட்டும். கிருமியக் காட்டாது. அது எனக்குத் தெரியாததில்ல. படம் பொய்யின்னு கண்டுபிடிச்ச சந்தோசத்துல மிச்சத்த யோசிக்காம விட்டுட்டேன்."

"எம்புள்ள செத்துப் போயிருந்தா உங்க மீட்டர் எத்தனை காட்டியிருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் படியிறங்கினார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அப்படி ஏழு வீடு. குழுவிலும் தன் தப்பை வரிக்கு வரி எழுதினார். கீழே சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர், 'விஞ்ஞானி ரிட்டயர்டு' என்று போட்டார். அண்ணன் அன்றே குழுவை விட்டு வெளியேறினார்.

அதன்பின் எங்கள் குழுவில் எல்லாமே உண்மையாகிவிட்டது. அமாவாசையன்று செடிகள் பேசின. வெந்நீரில் புற்றுநோய் கரைந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. தெருவில் அவரைப் பார்த்தால் நானும் போனைப் பார்ப்பதுபோல் நடந்துவிடுவேன்.

இரண்டு மாதம் இருக்கும். யாழினிக்கு இன்னும் சரியாகப் பசி எடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் குடலைச் சுத்தம் செய்யும் சாறு என்று குழுவில் ஒரு செய்முறை வந்தது. அத்தனை பேரும் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். நானும் அரைத்துப் பிழிந்து டம்ளரில் ஊற்றிவிட்டேன். குழந்தையின் வாயருகே கொண்டுபோனபோது கை நின்றது. இது சரியா என்று கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். டம்ளரை வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஒரு தடவை தப்பாச் சொன்னவன்ம்மா. டாக்டரக் கேளு."

"அவரையும் கேக்கத்தான் போறேண்ணா. ஆனா இந்தக் குரூப்புல எத்தன பேரு எத்தனையோ தப்பாச் சொல்லியிருக்காங்க. தப்புன்னு வாசலுக்கு வந்து சொன்னது நீங்க ஒருத்தருதான். நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் போனுக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அத விடு. பிள்ள இப்பம் என்ன சாப்பிடுதா? ராத்திரி நல்லாத் தூங்குதாளா? அதச் சொல்லு மொதல்ல."

இரண்டு மாதமாக அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் அவர் எப்படித் தவித்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தின்பண்டத் தட்டோடு அவர் மனைவி வந்து நின்றபோதும், நான் யாழினி சாப்பிட்டதை ஒவ்வொரு வேளையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.