அன்ரோனெற் வரும்வரை விறாந்தையில் நிற்கும் அலுமாரி

மன்னார் தீவு,
12.10.1975

அன்பு மகள் அன்ரோனெற்றுக்கு,

அப்பா கிறகரி எழுதிக்கொள்வது. மடுமாதாவின் தயவில் நானும் அம்மாவும் உடல் சுகத்தோடு இருக்கிறோம். மனச் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். கனடாக் குளிர் உன்னை வாட்டாமல் இருக்கவேண்டுமென்று செபமாலையில் உன் பெயருக்கு ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்லி வருகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. கூட்டுறவுத் தலைமைப் பயிற்சி மார்கழியோடு முடிகிறது என்றும், அங்குள்ள பேராசிரியர் இன்னும் இரண்டு வருடம் இருந்து பட்டமும் எடுக்கச் சொல்கிறார், அப்பாவுக்குச் சம்மதமா என்றும் கேட்டிருக்கிறாய். சம்மதம் இல்லை. இருபத்தெட்டு வருடம் தலைமன்னார் பியர் றெயில் ஸ்ரேசனில் சாமான் கிளாக்காக இருந்தவன் நான். காரணம் எழுதாமல் ஒரு பொதியைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே காரணத்தைக் கேள்.

நீ புலமைப்பரிசிலுக்குத் தெரிவான கடிதம் வந்தபோது, ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைவதற்குள் நான் கோவில் வாசலில் ஏறி நின்று அதைத் தமிழாக்கி வாசித்தேன் அல்லவா? ‘வளர்முக நாடுகளின் எதிர்காலத் தலைவர்களைப் பயிற்றுவித்தல்’ என்ற வரியை, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரும் சொல்லாமலே இரண்டு முறை வாசித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது என்கிறாள் உன் அம்மா. நீ பிளேன் ஏறி ஒரு கிழமைக்குள், பன்னிரண்டு வருடமாக மீனவர் சங்கத் தலைவராக இருக்கும் பேதுரு அண்ணர் நாலு பேரைக்கொண்டு சங்கத்து அலுமாரியைத் தூக்கிவந்து நமது விறாந்தையில் இறக்கினார். அலுமாரித் திறப்பையும் சங்கத்து றப்பர் முத்திரையையும் என் கையில் தந்து, “கிறகரி, வெள்ளைக்காரன் சும்மாவே பிளேனிலை ஏத்திக்கொண்டு போய்ப் படிப்பிக்கிறான்? படிக்காத நான் இனித் தீர்ப்புச் சொன்னால் ஊர் சிரிக்கும். பிள்ளை வரட்டும்” என்றார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அலுமாரியைத் துடைத்து உன் படத்தையும் மேலே வைத்தேன். அதற்குப் பிறகு பார், சங்கத்துக்கு அரசாங்கம் கொடுத்த வள்ளத்து எஞ்சின் வந்தது, அதைக் கிழக்குக் கரை வலைக்காரருக்குக் கொடுப்பதா மேற்குக் கரை வலைக்காரருக்குக் கொடுப்பதா என்று சண்டை வந்தது, உடனே இரு கரையும் ஒற்றுமையாக “அன்ரோனெற் வந்து சொல்லட்டும்” என்று எஞ்சினைச் சாக்கில் சுற்றி அலுமாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது, அந்தச் சாக்கின் மேல் நமது கறுப்புப் பேடு முட்டையிட்டு அடைக்குப் படுத்தது, அடைக்கோழியை எழுப்பக்கூடாது என்று அம்மா என்னைக் கதிரையோடு முற்றத்துக்கு அனுப்பினாள். என் சொந்த விறாந்தையில் எனக்கு இருக்க இடமில்லை.

திருநாள் அன்று மாதா சுரூபம் சந்திவரை வந்தது. முதலில் கிழக்குத் தெருவா மேற்குத் தெருவா என்று கேள்வி எழுந்தது. இவ்வளவு காலமும் இப்படி வந்தால் பேதுரு அண்ணர் ஒரு சத்தம் போடுவார், அதோடு முடிந்துவிடும். இந்த முறை அவர் மேளக்காரருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். முக்கால் மணி நேரம் மாதா வெயிலில் நின்றா. கடைசியில் “அடுத்த வருசம் பிள்ளை வந்து தீர்க்கும்” என்று சொல்லி, எந்தத் தெருவுக்கும் போகாமல் அங்கிருந்தே திருப்பிக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பங்குச் சுவாமியார் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இதெல்லாம் போகட்டும், இனித்தான் வயிற்றுப் பாடு. பருவம் தொடங்கும்போது எந்தக் கரைவலை முதலில் இறங்குவது என்று கோவில் விறாந்தையில் சீட்டுப் போடுவோமே, அதையும் உனக்காக நிறுத்தி வைத்துவிட்டார்கள். சீட்டு இல்லையென்றதும் ஒரே விடியலில் இரண்டு கரையும் ஒரே தண்ணீரில் வலை வளைத்தன. இரண்டு வலையும் ஒன்றோடொன்று சிக்கி, மீன் எல்லாம் போக, சிக்கெடுக்கவே ஐந்து நாள் போனது. மீன் ஏற்ற வரும் சாஹுல் ஹமீட்டின் லொறி மூன்று கிழமையாக வெறுமையாகத் திரும்புகிறது. நேற்று அவர் என்னிடமே கேட்டுவிட்டார்: “மாஸ்ரர், உங்கட மகள் எப்ப வாறா? சொல்லுங்கோ, இல்லாட்டி நான் வேற கரைக்குப் போறன்.” நான் ஒருநாளும் மாஸ்ரராக இருந்ததில்லை, அதைத் திருத்தக்கூட எனக்கு மனம் வரவில்லை. சில வீடுகளில் ஒரு நேரம்தான் அடுப்பு எரிகிறது, பிள்ளை.

முற்றத்துக் கதிரையில் இருந்து நிறைய யோசிக்கிறேன். ஒரு ஊரில் ஒருத்தியைத் தலைமைக்குப் பழக்கினால் மற்ற எல்லாரும் லீவு எடுத்துவிடுவார்கள் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா? உன்னை அனுப்பினவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் நீ போனபோது, இங்கே எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்த புத்தியையும் உன் சூட்கேசில் போட்டு அனுப்பிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆகவே பட்டம் வேண்டாம். பயிற்சி முடிந்த மறுநாளே புறப்படு. ஊர் உன்னை நம்பி நிற்கிறது.

உனக்கும் உன்னோடு படிக்கும் பிற தேசத்துத் தலைவர்களுக்கும் எங்கள் ஆசீர். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா
கிறகரி

பி.கு.: இதை ஞாயிறு எழுதினேன். ஒட்டுவதற்கு முன் அரிசி வாங்க முருங்கன் போய், மழையில் அகப்பட்டுப் புதன்கிழமைதான் திரும்பினேன். வந்து பார்த்தால் விறாந்தையில் அலுமாரி இல்லை, எஞ்சினும் இல்லை, ஒன்பது குஞ்சுகள் ஓடித் திரிகின்றன. “மார்த்தா, சங்கத்துச் சாமான் எங்கை?” என்று உன் அம்மாவைக் கேட்டேன். “குஞ்சு பொரிச்சிட்டுது, குடுத்திட்டன். எத்தினை மாசம் நான் விறாந்தையைக் கூட்டாமல் இருக்கிறது?” என்றாள். நடந்தது இதுதான். திங்கள் காலை, கருவாடு போடும் பெண்கள் எல்லாரையும் கூட்டி, பேதுரு அண்ணரையும் வரவழைத்து, என் வெற்றிலைத் தட்டத்தில் சீட்டைப் போட்டுக் குலுக்கியிருக்கிறாள். முதல் வலை எந்தக் கரைக்கு விழுகிறதோ, எஞ்சின் மற்றக் கரைக்கு. கிழமைக்குக் கிழமை மாற்றிக்கொள்ள வேண்டும். மாதாவும் அப்படித்தான், ஒரு வருடம் ஒரு தெரு. பேதுரு அண்ணர் “இது நல்ல யோசினைதானே” என்று முத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அரை மணி நேரம். உன் அம்மா மதவாச்சிக்கு அப்பால் போனதில்லை.

இன்று லொறி நிறைந்து போனது. வேறு கடிதம் எழுதலாம் என்றால் வீட்டில் இருந்த ஏரோகிராம் தாள் இது ஒன்றுதான். ஆகவே ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன், தாளைத் திருப்பித் திருப்பி வாசி. மேலே எழுதிய காரணங்களை எல்லாம் வெட்டிவிடு. ஊருக்கு நீ தேவையில்லை, மகளே. எனக்குத்தான் தேவை. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, ஞாயிறே எழுதியிருக்கவேண்டியது இந்த ஒரு வரிதான். அதற்காக ஒருத்தர் படிப்பை நிறுத்தக்கூடாது என்கிறாள் அம்மா. இரண்டு வருடமும் இருந்து படி. சம்மதம்.