பதினோராம் கட்டிலின் உறவுக்காரி

அன்பு மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் படிப்பில் சேர, ஏதாவது மருத்துவமனையில் நாற்பது மணி நேரம் தன்னார்வ வேலை செய்ததற்குச் சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இங்குள்ள பெரிய மருத்துவமனை அலுவலகத்தில் உங்கள் நண்பர் இருக்கிறாரே, அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். என் கதையைக் கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டீர்கள்.

முதலில் போன கிளினிக்கில், "முன்னாடி எங்கயாவது வேலை பார்த்திருக்கியா?" என்றார்கள். "அதுக்குத்தானே இங்க வந்திருக்கேன்" என்றேன். "அப்ப அனுபவத்தோட வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் பல் மருத்துவர். எப்படிக் கேட்பது என்று தயங்கியபடி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், என் முறை வந்தது, நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். திறந்த வாயோடு வேலை கேட்க முடியுமா? பல்லைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பினேன்.

கடைசியில் பெரிய மருத்துவமனையின் தலைமை நர்ஸ்தான் மனமிரங்கினார். தன்னார்வலர் அட்டை தீர்ந்துவிட்டதால் பார்வையாளர் அட்டையை மாட்டிவிட்டு, "எலும்பு வார்டுல பதினோராம் கட்டில்காரரைப் பார்க்க ஒருத்தரும் வரதில்ல. போய்ப் பேசிட்டிரு" என்றார். அவர் லாரி டிரைவர், இரண்டு காலிலும் கட்டு. "என்ன வேணும்?" என்றார். "உங்ககூடப் பேச வந்திருக்கேன்." "நான் பேசறதா இல்ல." தினமும் நாலு மணி நேரம் இருவரும் சுவரைப் பார்த்தோம். விடுதி அறையிலும் நான் அதைத்தான் செய்கிறேன் மாமா, இங்கே துணைக்கு ஒரு ஆளாவது இருந்தார். ஐந்தாம் நாள் திடீரென்று, "சாப்பிட்டியா?" என்றார். இந்த ஊருக்கு வந்த மூன்று மாதத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அதன்பிறகு அவர் வாய் ஓயவில்லை. முன்கூட்டியே வாங்கிவைத்த நர்சிங் புத்தகத்தில் அவருடைய எலும்பின் பெயரைக் காட்டினால், "இவ்ளோ நீளப் பேரா? அதான் பாரம் தாங்காம உடைஞ்சிருக்கு" என்பார்.

நேற்றோடு நாற்பது மணி நேரம் முடிந்தது. சான்றிதழ் கேட்டால், அலுவலகத்து அம்மா வார்டு பதிவேட்டைத் திருப்பிக் காட்டுகிறார். பத்து நாளும் பதினோராம் கட்டிலுக்கு நேரே, 'உறவினர்' என்ற தலைப்பின் கீழ் என் கையெழுத்து! "சொந்தக்காரங்க வந்து உட்காரறதுக்கெல்லாம் சான்றிதழ் கிடையாதும்மா." "ஐயோ, அவரு எனக்கு யாருமே இல்லீங்க!" "யாருமே இல்லாதவருக்கா பத்து நாள் கையெழுத்துப் போட்ட?" பார்வையாளர் அட்டையோடு வருகிறவர்கள் கையெழுத்துப் போட அந்த ஒரு கட்டம்தானாம், எனக்கென்ன தெரியும்? தலைமை நர்ஸ் சொல்லியும், எழுத்தில் இருப்பதுதான் செல்லுமாம். உங்கள் நண்பரிடம் சொல்லி அந்தப் பத்து வரியையும் அடித்துத் திருத்த வைத்தால் போதும். இல்லாவிட்டால் எனக்கு ஒரு வருடம் வீண்.

அத்தையிடம் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ஆசியை நம்பித்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வார்டுக்கு ஒரு நடை போய்வந்தேன். டிரைவர் நர்ஸிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பக்கத்துக் கட்டில்காரரிடம் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஆளில்லன்னு சொன்னியே, பாரு! பத்து நாளும் எங்க வீட்டுப் பொண்ணு வந்திருக்கு." மாமா, உங்கள் நண்பரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். நான் அடுத்த வருடமே சேர்ந்துகொள்கிறேன். என் அம்மாவிடம் மட்டும் நீங்களே எப்படியாவது சொல்லிவிடுங்கள்.