துவாயோடு நின்ற தூயதமிழ்க் காவலர்

வாழ்க! மானிப்பாய் மண் ஈன்ற மாண்புறு மறவர், வடசொல்லை வெருட்டிய வன்கண் வேங்கை, ஆங்கிலச் சொல் அலறியோட அதட்டிய ஆண்டகை, இளைப்பாறிய தமிழாசிரியர் சீவரத்தினத்தார் நீடூழி வாழ்க! தாயும் தகப்பனும் ஆசையாய் வைத்த அந்தப் பெயரிலேயே வடமொழிக் கறை படிந்திருக்கக் கண்டு வெகுண்டு, தம்மைத் தாமே ‘உயிர்மணி’ எனப் புதுக்கிக்கொண்ட தியாகச் செம்மல் அவர். ஊர்ச்சனம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசிவரைக்கும் சீவரத்தினம் மாஸ்ரர் என்றே கூப்பிட்டுத் தொலைத்தது.

எச்சொல் மேலும் இரங்காத அவ்வீரருக்கு எரிச்சலிலும் எரிச்சல் போத்துக்கேயச் சொற்கள் மேல்தான். அந்தப் பறங்கியன் கப்பலேறி வந்து, கோயிலை இடித்துக் கோட்டையைக் கட்டி, போகும்போது மேசை, கதிரை, யன்னல், சப்பாத்து, துவாய், பாண் என்று ஒரு வண்டிச் சொல்லை யாழ்ப்பாணத்தான் வாயிலே இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்; விடலாமா? வகுப்பில் ‘கதிரை’ என்று வாய்தவறிய பிள்ளையை எழுப்பி நிறுத்தி, ‘நாற்காலி’ என்று மூன்று முறை முழங்கிய பின்னரே இருக்க விட்டார். வீட்டில் மனைவி அருமைநாயகி ‘குசினி’ என்ற போதெல்லாம் ‘அடுக்களை’ என்று கர்ச்சித்தார். “குசினியோ அடுக்களையோ, விறகு பச்சையாக் கிடக்குது. முதல் அதுக்கொரு வழியைப் பாருங்கோ” என்றாள் அம்மாதரசி. அவளுடைய பெயரையும் தூய்மைப்படுத்தப் புறப்பட்டார் ஒருமுறை. “என்ரை பேரிலை கை வைச்சியளோ, றேசன் காட்டிலை பேரை மாத்திறதுக்கு நீங்கள்தான் அரசாங்கக் கச்சேரிக்கு அலைய வேணும், சொல்லிப்போட்டன்” என்று அவள் சொன்னதும் அந்தக் களத்திலிருந்து மட்டும் படை பின்வாங்கியது.

இத்தகு பெருந்தகையை எண்பத்தாறாம் ஆண்டுத் தைப்பொங்கலுக்குப் பாரிஸ் மாநகரத் தமிழன்பர் சிலர் ‘களைவோம் பிறசொல்’ என்னும் பொருளில் வீரவுரை ஆற்ற அழைத்தனர். வாழ்நாளில் கொழும்பைத் தாண்டாத வீரர், வான்வழி ஏகி, அக்காவின் மகன் பஞ்சலிங்கத்தின் ஆறாம் மாடி அறையிலே பாடிவீடு அமைத்தார். பாடிவீடு என்றால் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, அவ்வளவுதான். மருமகன் உணவுக்கடையொன்றில் கோப்பை கழுவ விடியமுன் போனால் ஊரடங்கிய பின்தான் வருவான். நாள் முழுக்கச் சொற்பெருக்காற்றிப் பழகிய திருவாய்க்குக் கதைக்க ஒரு நாதியில்லை. ஒருநாள் துணிந்து தெருவில் இறங்கினார். எல்லாத் தெருவும் ஒரே தெருவாயிருக்க, சுற்றிச் சுற்றி வந்து, குளிரில் காது மரத்து, தற்செயலாய்த்தான் வீட்டுவாசலைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. மேடையேறும் நாள் ஒன்றுக்காகவே மனுசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

அந்த நாளும் வந்தது. இருள் பிரியுமுன் பஞ்சலிங்கம் மேலங்கியை மாட்டிக்கொண்டே சொன்னான்: “மாமா, மத்தியானம் ஒரு பொடியன் காரிலை வருவான். கீழை வாசல்லை றெடியா நில்லுங்கோ. அவன் உங்களை இறக்கிப்போட்டு வேலைக்கு ஓட வேணும், நிண்டு பாக்க மாட்டான். மற்றது, இந்தக் கதவு சாத்தினாத் தானா லொக் விழும். குளிக்கப் போனாலும் திறப்பைக் கையோடை கொண்டு போங்கோ.”

அந்தோ! இத்தனை அரிய அறிவுரையில் நம் வீரர் செவியில் விழுந்தவை இரண்டே சொற்கள். “றெடியா? லொக்கா? ஆயத்தம் என்றும் பூட்டு என்றும் சொல்ல நாக்குக் கூசுகிறதோ உனக்கு?” என்று தொடங்கி, வேர்ச்சொல் விளக்கி, எடுத்துக்காட்டு அடுக்கி, மருமகனைக் கதவோடு சாய்த்து வைத்து வாட்டினார். “ஓம் மாமா, பூட்டு மாமா, வாறன் மாமா” என்று அவன் படியிறங்கி ஓடினான். சொல் திருந்தியது, சொன்ன விசயம் காற்றோடு போயிற்று.

பிறகு, போருக்கு எழுமுன் புனலாடும் மன்னர் மரபிலே, வேட்டியைக் கதிரையில் விரித்து, சால்வையை மேசையில் மடித்து, அதன்மேல் திறப்பைப் பத்திரமாய் வைத்து, மருமகன் பொரித்த மீன் மணம் போக யன்னலை அகலத் திறந்துவிட்டு, அரையில் துவாய் ஒன்றே தரித்தவராய், அறைக்கதவைத் திறந்தபடியே விட்டு, நடை முடிவிலிருந்த பொதுக் குளியலறை புகுந்தார் சீவரத்தினத்தார். குளித்து, நீறணிந்து, உரையின் முதல் வரியை முணுமுணுத்தபடி அவர் திரும்பி வந்து கதவுக்கு ஒரு முழம் தூரத்தில் நிற்கையில், திறந்த யன்னல் வழியே வடபுலத்து வாடைக்காற்று உட்புகுந்து, அவர் கண்ணெதிரே கதவை அறைந்து சாத்தியது. பூட்டு விழுந்த சத்தம் ‘லொக்’ என்றுதான் கேட்டது.

ஆகா, அக்கதவோடு அவர் பொருத போரை என்னென்பது! தோளால் மோதினார், காலால் உதைத்தார், பெருவிரல் நொந்து ஒற்றைக்காலில் துள்ளினார், ‘கதவமே, நெகிழ்வாயாக’ என்று ஆணையிட்டார். கதவு அசையவில்லை. ஈரத் துவாயில் குளிர் ஏற, பல் கிடுகிடுக்க, வேறு வழியின்றி ஆறு மாடியும் இறங்கிக் கீழ்வாசல் போனார் வீரர்.

அங்கே விளக்குமாறு ஏந்தி நின்றாள் அம்மாளிகையின் வாயிற்காவலி ஒலிந்தா. போத்துக்கல் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவள் அவள். அது நம்மவருக்குத் தெரியாது. அவருக்கு வெள்ளையாய் இருந்தவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர். வெற்றுடம்பும் வெண்ணீறுமாய்ப் படியிறங்கி வந்த உருவத்தைக் கண்டு அவள் திடுக்கிட்டு நிற்க, வீரர் துவாய் முடிச்சை ஒரு கையால் இறுகப் பற்றி, மறு கையை வான்நோக்கி உயர்த்தி முழங்கினார்:

“வாயில் காக்கும் மாதரசி! வளி மோதி என் அறைக்கதவம் அடைபட்டது. ஆடை அகத்தே கிடக்க யாம் புறத்தே நடுங்குகின்றோம். மாற்றுத் திறவுகோல் ஈந்து எம் மானம் காப்பாயாக!”

அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சரி, ஆபத்துக்குத் தோசமில்லை என்று மனச்சாட்சியை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தை எடுத்தார்; அதுவும் அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் திறப்பைத் திருகுவதுபோல் கையைத் திருகிக் காட்டினார். அவளோ தன் கழுத்தைத் திருகத்தான் வருகிறானென்று நினைத்து விளக்குமாற்றை ஓங்கினாள். வெளியே மாதாகோயில் மணி அடித்தது. மத்தியானம்! கார் வரும் நேரம்! அந்தக் கணத்திலே பொறுமை போய், இலக்கணம் போய், வெறும் மானிப்பாய் மனுசன் வெடித்துக் கிளம்பினார்.

“எணை மனிசி! உனக்கு விளங்கேல்லையே? யன்னலாலை காத்தடிச்சுக் கதவு சாத்திப்போட்டுது! திறப்பு மேசையிலை கிடக்குது! வேட்டி கதிரையிலை கிடக்குது! சப்பாத்தும் உள்ளை! நான் இந்தக் குளிருக்கை துவாயோடை நிக்கிறன்!”

ஒலிந்தாவின் கையில் விளக்குமாறு தாழ்ந்தது.

“ஜனேலா?” என்றாள். “மேஸா? கதெய்ரா?” அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அவருடைய வெறுங்காலைச் சுட்டி “ஸப்பாத்து!” என்றாள், அரையைச் சுட்டி “துவால்யா!” என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். உத்தியோக காலம் முழுக்க அவர் பிரம்போடு துரத்தியடித்த சொற்களெல்லாம் ஒன்றாய்த் திரண்டு வந்து, அவருக்காக அந்தப் பறங்கிச்சியிடம் வழக்காடி வென்றிருந்தன. நன்றி சொல்வதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா என்று அவருக்கே தெரியவில்லை.

மாற்றுத் திறப்பு வந்தது. ஆனால் ஒலிந்தாவுக்கு முழங்கால் வாதம். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினாள். திறப்பைப் பறித்துக்கொண்டு ஓடவும் வீரரின் பண்பு இடங்கொடுக்கவில்லை. மூன்றாம் மாடியில் அவள் கைபிடியைப் பற்றி நின்றபோது தெருவில் கார் கோன் ‘பாம் பாம்’ என்று அடித்தது. படிக்கட்டு யன்னலால் எட்டிப் பார்த்தார் சீவரத்தினத்தார். வந்துவிட்டான் பொடியன்! கீழே இறங்கி நின்று, வாசலைப் பார்க்கிறான், மணிக்கூட்டைப் பார்க்கிறான். ‘தம்பி, காரை நிப்பாட்டு, வாறன்’, நாலே சொல், தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றது.

கேளுங்கோ இந்தக் கூத்தை. பறங்கிச்சிக்கு முன்னால் போன மானம் போனதுதான். அதற்குத் தமிழ்ச் சாட்சி கிடையாது. ஆனால் ஒரு தமிழ்ப் பொடியனுக்கு முன்னால், அதுவும் ‘களைவோம் பிறசொல்’ என்று முழங்கப் போகும் நாளிலே, ‘கார்’ என்று வாய்திறப்பதா? ஒருக்காலும் இல்லை! வந்த சொல்லை விழுங்கினார், நெஞ்சை நிமிர்த்தினார், பாரிஸ் மாநகரத் தெரு அதிர முழங்கினார்:

“இளைஞனே! மகிழுந்தை நிறுத்துக!”

பொடியன் யாழ்ப்பாணத்து நெல்லியடி ஊரான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். “ஆரப்பா உது, மகிழச் சொல்லிக் கத்திறது? எனக்கிஞ்சை வேலைக்கு நேரம் போகுது” என்று தனக்குள்ளே புறுபுறுத்துக்கொண்டு ஏறினான். கார் தெருமுடக்கில் திரும்பி மறைந்தது.

கதவு திறந்தது. வேட்டி கட்டி, சால்வை தரித்து, உரையைக் கக்கத்தில் இடுக்கி, தலைவாசலில் வந்து தூண்போல் நின்றார் வீரர். மண்டபம் எந்தத் திசையில் என்றுகூட அவருக்குத் தெரியாது. போன கார் இன்னொரு தரம் வரும், வரும் என்று நின்றார். அது வரவில்லை, வெளிச்சம்தான் மங்கிக்கொண்டு வந்தது. பகடியை ஒருபக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், மனுசனுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. கடலையும் மலையையும் கடந்து வந்தது இதுக்குத்தானோ என்று மூக்கைச் சிந்தினார்.

அப்போது ஒலிந்தா வந்தாள். ஒரு சொல்லும் கேளாமல் அவருடைய சால்வைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, “குஸீன்யா, குஸீன்யா” என்று தன் அறைக்குள் கூட்டிப்போனாள். சூடான அடுப்பருகே ஒன்றைத் தட்டிக் காட்டி “கதெய்ரா” என்றாள். விடியத்தொடக்கம் வெறுவயிற்றோடு நின்ற செந்தமிழ்ச் செம்மல், அந்நியச்சொல் அழிக்க ஆழி கடந்த அடலேறு, நாற்காலி என்று அவளைத் திருத்த வாயெடுத்து, எடுத்த வாயை மூடி, அதில் இருந்தார். சுடச்சுடக் கோதுமைமா வெதுப்பி ஒன்றை வெட்டி, வெண்ணெய் தடவி, “பாவ்ங்” என்று சொல்லிக் கையில் தந்தாள். வெற்றி முரசு ஒலிக்கவில்லை, பொன்னாடை போர்த்துவார் இல்லை, வாழ்த்தொலி எழுப்ப ஓர் உயிர் இல்லை. உலகத்துத் தூய்மை அனைத்தையும் தோளில் சுமந்த அத்தனிப்பெரும் தானைத்தலைவர் கண்மூடி, மென்று, விழுங்கி, மறுதுண்டுக்குக் கை நீட்டினார்.

பாண் நல்லாயிருந்தது.