ஜுமாடிக்குக் கணினி அமைக்கும் ஒருங்கிணைப்புக் குழு

கணினி வாங்குவது ஒருவனுடைய சொந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஜாவாவின் மலாங் நகரில் நாற்பது வருடம் குடியிருந்தும் எனக்கு அவ்வளவுதான் புத்தி என்றால், என்னை எதால் அடித்தால் தகும்?

என் நண்பன் ஜுமாடி வேலை பார்த்த அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவை மூடிவிட்டார்கள். ஆனாலும் முதலாளி கோ தியோங் அவனை நடுத்தெருவில் விடவில்லை. "வீட்லயே கம்ப்யூட்டர் வெச்சுக் கல்யாணப் பத்திரிகை போட்டுக் குடு. இன்னும் பத்து நாள்ல, திங்கக்கிழமை ஆரம்பிச்சாகணும். இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவேன்" என்றார். கையில் வந்த கடைசிப் பணம் நாற்பது லட்சம் ரூப்பியாவை ஜுமாடி, கணினி மாட்டத் தெரிந்தவன் என்று நம்பி, அப்படியே என்னிடம் கொடுத்தான். எங்கள் ஊர் லட்சம் வாயில் பெரிதாக இருக்கும், கடையில் சுருங்கிவிடும்.

"ஓடினா போதும்டா குந்தோரோ. அழகெல்லாம் வேணாம்" என்றான்.

ஏதோ அலுவலகத்தில் கழித்துப்போட்ட பிராசசர், அதற்குப் பொருந்துகிற மதர்போர்டு, தாராளமாக ரேம், நம்பகமான பவர் சப்ளை, எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு தகரப் பெட்டி. ஒரு காகிதத்தில் எழுதி முடித்துவிட்டேன். மானிட்டருக்கு மட்டும் பணம் இடித்தது. வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வது போல, 'யாரிடமாவது பழைய மானிட்டர் இருக்கிறதா?' என்று எங்கள் தெருவின் வாட்ஸாப் குழுவில் கேட்டு வைத்தேன்.

கால் மணி நேரத்தில் பாக் ஹார்ஜித்தோ, அதாவது ஹார்ஜித்தோ ஐயா, அழைத்தார். முப்பத்தொரு வருடம் வட்டார அலுவலகத்தில் முத்திரை குத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்காமல் எங்கள் தெருவுக்குத் தலைவரானவர்.

"இதை இப்படியே விட முடியாது குந்தோரோ. நம்ம தெருவுல ஒருத்தருக்குத் தேவைன்னா அதுக்கு முறையா ஒரு குழு வேணும்."

"ஒரே ஒரு மானிட்டர்தான் வேணும், பாக்."

"அதைக் குழு முடிவு பண்ணட்டும்."

மறுநாள் குழு உதயமாயிற்று. காப்பாளர், ஆலோசகர், தலைவர், துணைத்தலைவர், செயலாளர், சிற்றுண்டிப் பிரிவு, அலங்காரப் பிரிவு, புகைப்படப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு. கணினியை யார் படையெடுத்து வந்து தாக்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாப் பிரிவுக்கும் ஆள் போட்டபின், மிச்சமிருந்த என்னைத் தொழில்நுட்பப் பிரிவு ஆக்கினார்கள். முதல் கூட்டம் பேனரின் நிறத்தைத் தீர்மானித்துவிட்டு, சிற்றுண்டிப் பெட்டிகளோடு இனிதே கலைந்தது.

இரண்டாம் கூட்டத்தில்தான் வினை. எங்களிடம் கை தூக்கி வாக்கெடுக்கும் அநாகரிகம் கிடையாது. எல்லோர் மனமும் ஒத்து வரும்வரை பேசுவோம். ஒத்து வராதவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்லிக்கொள்வார். இதற்கு ஒருமித்த கருத்து என்று பெயர். எங்கள் தெரு ஹாஜி முக்லிஸ் தம் மருமகன் கடையிலிருந்து புத்தம்புது மதர்போர்டு ஒன்றை அன்பளிப்பாக வைத்தார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய பக்கத்து வீட்டு பாக் சுயித்னோ, தம் மகன் பாத்தாம் தீவிலிருந்து அனுப்பிய பிராசசரை வைத்தார்.

"ரெண்டும் பொருந்தாதுங்க" என்றேன்.

"பொருந்தாதுன்னா?" என்றார் தலைவர்.

"இந்தக் கம்பெனி பிராசசர் அந்தக் கம்பெனி போர்டுல உக்காராது, பாக். கால் வேற, குழி வேற."

பாக் சுயித்னோ கடித்துக்கொண்டிருந்த லெம்பெரைப் பாதியில் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கோழி வைத்த சோற்றுருண்டையை ஒரு ஜாவாக்காரர் பாதியில் வைத்தால், அது போர் முரசு.

பாக் ஹார்ஜித்தோ தொண்டையைச் செருமினார். "ஹாஜியும் சுயித்னோவும் மதில் தகராறுல பதினோரு வருஷம் முகம் பாக்காதவங்க. இன்னிக்கு ஒரே பாயில உக்காந்திருக்காங்க. மனுஷனே பொருந்தறப்போ இந்தத் தகடு பொருந்தாதா?"

கைதட்டல். 'பொருத்தம் குறித்துத் தொழில்நுட்பப் பிரிவு ஆவன செய்யும்' என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

"சம்மதம்தானே, குந்தோரோ?"

"சம்மதம், பாக்."

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது பேர் புன்னகையோடு நம்மையே பார்க்கும்போது 'இல்லை' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

அடுத்து அலங்காரப் பிரிவின் பு லஸ்மினி, அதாவது லஸ்மினி அம்மா, என் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "தகரப் பெட்டியா? போட்டோவுல பிஸ்கட் டின் மாதிரி இருக்கும்."

"வேலை செய்யறதுக்குத்தானே, பு."

"வேலை செய்யறது போட்டோவுல தெரியுமா? இப்பல்லாம் கண்ணாடிப் பெட்டிதான். உள்ள இருக்கறது வெளிய தெரியணும்."

"உள்ள ஒண்ணும் இல்லேன்னா?"

"அதுக்குத்தானே கலர் விளக்கு."

ஜுமாடியின் நாற்பது லட்சமும் கண்ணாடிப் பெட்டியாகவும் ஏழு வண்ணத்தில் எரிகிற எட்டு விசிறிகளாகவும் மாறியது. அவனும் கூட்டத்தில் இருந்தான். "சந்தோஷமா?" என்று கேட்டார்கள். "சந்தோஷம்" என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை திறப்பு விழா. மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து துணை அதிகாரி வந்திருந்தார். தெருவில் யாரோ கொடுத்த பழைய மானிட்டரும் என் வீட்டுப் பழைய பவர் சப்ளையும் வந்து சேர்ந்திருந்தன. மதர்போர்டு அதன் இடத்தில் இருந்தது. பிராசசரை என்ன செய்வதென்று தெரியாமல், அதன் அட்டைப்பெட்டியோடு கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டேன், பாக் சுயித்னோவின் கண்ணில் படும்படி. அதிகாரி பொத்தானை அமுக்கினார். எட்டு விசிறியும் சுழன்று தெருவே வண்ணமாயிற்று.

"திரை மட்டும் கறுப்பா இருக்கே?" என்றார் அதிகாரி.

"மின்சாரச் சிக்கனம், ஐயா" என்றார் பாக் ஹார்ஜித்தோ.

அரசின் கொள்கையைத் தெருமட்டத்தில் கடைப்பிடிப்பதற்காக அதிகாரி எங்களைப் பாராட்டினார். பிறகு ஒப்படைப்புப் பத்திரம் வந்தது. 'கணினியை முழுமையாக இயங்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்.' ஜுமாடியின் பேனா கொஞ்சம் நின்றது. சோறு ஆறிக்கொண்டிருந்தது, எல்லோரும் தட்டோடு நின்றார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். அடியில் தொழில்நுட்பப் பிரிவு என்று நான் போட்டேன். இருவரும் கட்டைவிரலைத் தூக்கிப் படமும் எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, வறுத்த கோழியோடு குழு முறைப்படி கலைக்கப்பட்டது.

திங்கட்கிழமை மாலை ஜுமாடி வியர்த்து விறுவிறுத்து என் வீட்டுக்கு வந்தான். கோ தியோங்கிடம் ஒரு வாரம் தவணை கேட்கப் போயிருக்கிறான். அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டியிருக்கிறார். படமும் பத்திரமும் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தன.

"'முழுமையா ஓடுதுன்னு நீயே கையெழுத்துப் போட்டுட்டு எங்கிட்ட வந்து ஓடலேங்கறியா? வேலை செய்ய மனசில்லேன்னா நேரா சொல்லு'ங்கறாருடா. யாரு மாட்டினாங்களோ அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு அஞ்சு மணிக்குள்ள வந்தா ஒரு வாரம் குடுக்கறேன்னுட்டாரு. நாலு வரி எழுது. ஓடலைன்னு, அவ்வளவுதான்."

மணி நாலரை.

"குழு நேத்தே கலைஞ்சிடுச்சேடா" என்றேன். "கலைஞ்ச குழுவோட தொழில்நுட்பப் பிரிவு எப்படிக் கடிதம் குடுக்கும்?"

"குழு எதுக்கு? நீ குடு. குந்தோரோன்னு போடு."

"அப்ப சனிக்கிழமை போட்டது பொய்யின்னு ஆயிடுமே. பாக் ஹார்ஜித்தோ மனசு நோகும். ஹாஜியும் சுயித்னோவும் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க."

"எனக்குடா?"

நியாயமான கேள்வி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நீ ஒரு மனு எழுதிக் குடு. குழுவைத் திரும்பக் கூட்ட முடியுமான்னு தலைவர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

ஜுமாடி எழுந்து போய்ச் செருப்பை மாட்டினான். மனு மூன்று பிரதி வேண்டும் என்பதை மட்டும் வாசல்வரை போய் அவனுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.