‘எனக்கு வந்து போயாச்சு!’

சாரதாமணி அம்மாள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சுப்புலட்சுமி, நான்கு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெட்டிய பனியன்களை மடித்து டஜன் டஜனாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் வீட்டுத் தலைவர் ரத்தினசாமி சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா என்று சொல்லக்கூடாது. அவர் அனுபவசாலியாக இருந்தார். அது முழுநேர வேலை.

‘வந்து போனவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். எந்த நோயின் பேரைச் சொன்னாலும் அது இவருக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கும். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஒரு தும்மல் தும்மினால் போதும், ‘இதெல்லாம் ஒரு தும்மலுங்களா?’ என்று ஆரம்பித்து, ஐம்பத்தேழில் ஊரையே படுக்கப் போட்ட ஃபுளூ காய்ச்சலில் தாம் ஒரு மாத்திரையைக்கூடத் தொடாமல், வெறும் மிளகு ரசமும் கம்பளியுமாகக் கிடந்து எழுந்து, நேரே கம்பெனிக்குப் போய் லாரியிலிருந்து நூல் மூட்டை இறக்கியதையும், அன்று முதல் இன்று வரை ஒரு சளி தம்மை அண்டியதில்லை என்பதையும், நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டே, உங்கள் பஸ் புறப்படும்வரை சொல்வார். புறப்பட்டால் ஜன்னலோரம் கூடவே நடந்து வந்து சொல்வார்.

மருந்து தின்று பிழைத்தவர்களை இந்த இனம் மதிப்பதில்லை. அது பிழைப்பா?

ரத்தினசாமியின் பெரிய சொத்து, ஒன்பது வயதில் அவருக்கு வந்து போன பெரியம்மை. முகம் முழுக்கப் பள்ளம். மற்றவர்கள் கண்ணாடியைத் தவிர்ப்பார்கள். இவரோ பேச்சின் உச்சத்தில் கன்னத்தைத் தடவிக்கொள்வார், ரிஜிஸ்தர் ஆபீஸ் முத்திரை பதிந்த பத்திரத்தைத் தடவுவதுபோல. அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்திக்கொள்வதைப் பற்றி அவர் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார்.

“குத்திக்கறது வாடகை ஊடுங்க. சில வருசம் போனா மறுக்கா வந்து கையை நீட்டுங்கறான். நம்முளுது சொந்த ஊடு. ஒருக்காக் கட்டியாச்சு, ஆயுசுக்கும் ஒருத்தனும் கிளப்ப முடியாது.”

இது பொய்யா? இல்லை. அதுதான் சங்கடம். முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்த வருகிற ஞானசம்பந்தமே, “உங்களுக்கு இனி வராதுங்கண்ணா. எங்க மருந்தைவிட அது கெட்டிதானுங்க” என்று ஒரு நாள் ஒப்புக்கொண்டுவிட்டார். நியாயமான மனிதர், அதனால் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சர்க்காரே தம் கட்சி என்று டீக்கடை டீக்கடையாக ரத்தினசாமி சொல்லிக்கொண்டு திரிந்தார். முழுப் பொய்யரைச் சமாளித்துவிடலாம். பாதி உண்மையைக் கையில் பிடித்தவரிடம் நீங்கள் வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா? நானும் விட்டுவிட்டேன்.

அறுபத்திரண்டு கோடையில் அடுத்த வீதியில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை ஏறியது. ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். மறுநாள் காலையில் ஞானசம்பந்தம் பெட்டியோடு வாசலில் நின்றார்.

“ஊட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்களாண்ணா?”

“இருக்குது. ஆனா, தேவையில்லை.”

“ஏனுங்க?”

“எனக்கு வந்து போயாச்சு.”

“உங்களுக்குப் போயாச்சுங்க. கொழந்தைக்கு?”

ரத்தினசாமி கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். இவ்வளவு படித்த மனிதனுக்கு இது தெரியவில்லையே என்ற சிரிப்பு. “அது யாரு பேத்தி? அது ஒடம்புல ஓடறது யாரு ரத்தம்? அப்பன் கட்டுன ஊடு புள்ளைக்குப் பாத்தியதை இல்லையா? புள்ளைக்கு இருக்கறது பேத்திக்கு இல்லையா? கோர்ட்டுக்குப் போனாலும் நிக்குமுங்க.”

கத்தரிக்கோலை நிறுத்தாமலே சாரதாமணி கேட்டார்: “ஏனுங்க, பாதி ரத்தம் வெள்ளகோவில் சம்பந்தி ஊட்டுதுங்களே. அவிகளுக்கு ஆருக்கும் அம்மையே வந்ததில்லையாமா. அப்ப பாதிக்காச்சும் குத்தோணுமில்லீங்க? எந்தக் கையில குத்தச் சொல்லட்டும்?”

சுப்புலட்சுமி பனியன் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஞானசம்பந்தம் கூரையைப் பார்த்தார்.

“ஏம்புள்ள, உனக்கு விளையாட்டா இருக்குதா?” ரத்தினசாமிக்குக் குரல் ஏறியது. “குத்துனா மூணு நாளைக்குக் காய்ச்சல் வரும், கை வீங்கும், கொழந்தை பால் குடிக்காது. இதுக்குப் பேரு வைத்தியமா? இயற்கையா வரட்டும், இயற்கையாப் போகட்டும். அப்பத்தான் ஒடம்புக்கு உறுதி. நானெல்லாம் கெட்டா போயிட்டேன்?”

கத்தரிக்கோல் நின்றது.

“நீங்க கெட்டுப் போகலீங்க” என்றார் சாரதாமணி. குரலில் சண்டை இல்லை. “நீங்க சொந்த ஊடு கட்டுனப்ப, உங்க தங்கச்சி மருதாளும் அதே பாயிலதானுங்களே படுத்திருந்தா? அவளுக்கும் இயற்கையாத்தானுங்களே வந்துது? அவ இப்ப எந்த ஊட்டுல இருக்கறாளுங்க?”

மருதாளுக்கு அப்போது ஆறு வயது. அம்மை அண்ணனை விட்டுவிட்டு, தங்கையை எடுத்துக்கொண்டு போயிற்று. ரத்தினசாமி ஆயிரம் தடவை சொன்ன கதையில் அந்தப் பெண் ஒரு தடவையும் வந்ததில்லை. மாமியார் சொல்லித்தான் சாரதாமணிக்கே தெரியும்.

ரத்தினசாமி தோள் துண்டை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி தோளில் போட்டார். பக்கத்துக் கொட்டகையில் தையல் மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எழுந்து, அதைப் பார்க்கப் போய்விட்டார்.

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. சாரதாமணி குழந்தையை வாங்கி மடியில் சாய்த்து, சட்டைக் கையை மேலே சுருட்டினார். “இந்தக் கையிலயே முழுசையும் குத்தீருங்க” என்றார். குழந்தை கத்திய கத்தல் கொட்டகை வரை கேட்டிருக்கும். அங்கிருந்து ஒருவரும் வந்து தடுக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத்தான் பெரியம்மையும் வரவில்லை, முகத்தில் பள்ளமும் இல்லை; இந்த இனத்தில் உங்களைச் சேர்க்க எனக்கு என்ன ஆதாரம்? ஒரே ஒரு சந்தேகம். மகன் செருப்புக் கேட்டபோது, ‘நாங்கெல்லாம் வெறுங்காலில் நடந்துதான் படித்தோம்’ என்று சொன்னது நீங்கள்தானே? மருமகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்றதும், ‘எனக்கு ஏழும் வீட்டிலேயேதான்’ என்றது உங்கள் வீட்டு அம்மாள்தானே? ‘நாங்கெல்லாம் கெட்டா போயிட்டோம்?’ என்று கேட்பதற்கு உயிரோடு இருப்பவர்கள் எல்லாருமே கெட்டுப் போகாதவர்கள்தான். கெட்டுப் போனவர்கள் வந்து பதில் சொல்வதில்லை. அவர்களில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் இருந்திருப்பாரே, அவர் பேர் என்ன?

அட, இருங்கள். எங்கே எழுந்துவிட்டீர்கள்? உங்கள் வீட்டிலும் மிஷின் கோளாறா?