லேட்டா வந்தவர் சொல்லட்டும்

கரும்பலகையைத் துடைத்ததுதான் அக்கா செய்த ஒரே தப்பு.

விடுதிச் சமையலறையில் வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்த கை அது. சும்மா இருக்காது. முதல் நாள் வகுப்பு, வாத்தியாரைக் காணோம், பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு ஒன்று விடை தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. எழுந்துபோய் அழித்தாள். அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியார் வந்தாச்சா, இல்லையா? வரலைன்னா ரூமைப் பூட்டிடறேன். யோகா கிளாஸுக்கு ரூம் கேட்டு என் உயிரை எடுக்கறாங்க."

அது ஏசி மெக்கானிக் இலவசப் பயிற்சி. காலேஜ் இடம் தரும். கம்பெனி மெஷின் தரும், தேறியவர்களுக்கு வேலையும் தரும். ஏரியா நலச் சங்கம், கஷ்டப்படுகிற வீடுகளிலிருந்து ஆள் சேர்த்துத் தரும். சுவரில் மூன்று கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பேனர். அந்த மூன்றில் சாக்பீஸ் பிடிக்கப்போவது எந்தக் கை என்பதை மட்டும் மூவரும் பேசிக்கொள்ளவில்லை.

அக்கா விடுதியை விட்டு வரும்போது சும்மா வரவில்லை. "இனிமே உங்க அண்டாவை நீங்களே தேய்ச்சுக்கோங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போக வழியில்லை. வீட்டில் முதுகெலும்பு பிசகிய கணவன் கட்டிலும் கூரையுமாகக் கிடந்தான். இந்த ரூம் பூட்டப்பட்டால் அவள் கதையும் பூட்டப்பட்டுவிடும்.

பிரின்சிபால் அவள் கையிலிருந்த டஸ்டரைப் பார்த்தார். "ஓ, கம்பெனி அனுப்பின மேடம் நீங்கதானா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள், அவளோடு படிக்க வந்திருந்த வாட்ச்மேன் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து சல்யூட் அடித்தார். "ஆமா சார். மேடம் ரொம்ப ஸ்டிரிக்ட்."

"அப்படியா? நடத்துங்க, நடத்துங்க" என்று பிரின்சிபால் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க உள்ளே வந்தார். கசங்கிய சட்டை, தோளில் கனமான பை, நெற்றியெல்லாம் வேர்வை.

"மன்னிச்சுக்கோங்க, பஸ்ஸு... நான் வந்து..."

பிரின்சிபால் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிரிக்ட் என்று சொல்லியாகிவிட்டது.

"வந்தது தெரியுது" என்றாள் அக்கா, விடுதி முதலாளியின் குரலில். "லேட்டா வந்ததும் தெரியுது. பின் பெஞ்சு. கேட்டா மட்டும் பேசணும்."

அந்த ஆள் அவளைப் பார்த்தார். பிரின்சிபாலைப் பார்த்தார். போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். பிரின்சிபால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த ஆளுக்கு வகுப்பில் பெயர் 'லேட்டு'.

"என்னண்ணே இப்படி மாட்டிவிட்டுட்டீங்க?" என்று அக்கா வாட்ச்மேனிடம் கிசுகிசுத்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் ஓட்டும்மா. நாளைக்கு நிஜ வாத்தியார் வந்துடுவார்ல."

ஓட்டினாள். ஏசியில் அவளுக்குப் புரிந்த ஒரே பாகம் ஃபில்டர். அது அழுக்காகும், கழுவ வேண்டும். அன்று முழுக்க வகுப்பே வாளியைச் சுற்றி உட்கார்ந்து ஃபில்டர் கழுவியது. "வட்டமா தேய்க்காதீங்க, நீளவாக்குல!" என்று அக்கா அதட்டிய அதட்டலில் கம்பெனி கொடுத்த எல்லா ஃபில்டரும் பளபளத்தன. ஒன்று மட்டும் கிழிந்தது.

மறுநாள் நிஜ வாத்தியார் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கழுவ ஃபில்டரும் இல்லை.

டெய்லர்தான் வில்லங்கமான கேள்வியைக் கேட்டார். துணி வெட்டுகிற வேலை படுத்துப்போய் வந்தவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். "மேடம், இந்தப் பெட்டிக்குக் குளிரு எங்கேருந்து வருது?"

அக்கா சாக்பீஸை உருட்டினாள். பிறகு பின் பெஞ்சைப் பார்த்தாள். அடுத்தவரை மாட்டிவிடுவது எவ்வளவு சுலபம் என்று வாட்ச்மேனிடம் கற்றிருந்தாள்.

"லேட்டா வந்தவர் சொல்லட்டும்."

லேட்டு தயங்கி எழுந்தார். "குளிரு எங்கேருந்தும் வரலைங்க. உள்ள இருக்கற சூட்டை அள்ளிட்டுப் போய் வெளியே கொட்டுது. அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசல்ல கொட்டற மாதிரி" என்றார் டெய்லர்.

"அதேதாங்க. அள்ளற கூடைதான் பைப்புல ஓடற கேஸு. கூடையைத் தள்ளிவிடற ஆள் கம்ப்ரசரு." ஆரம்பித்த மனுஷன் மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"பரவாயில்லை" என்றாள் அக்கா. ஒரு வார்த்தை விடாமல் மனசுக்குள் போட்டுக்கொண்டாள்.

இப்படியாக ஒரு முறை உருவானது. தெரியாத கேள்வி வந்தால் லேட்டுக்குத் தண்டனை. எல்லாக் கேள்வியும் தெரியாத கேள்வியாகவே வந்ததால் தினமும் தண்டனை. சொல்லி முடித்ததும் அக்கா அதைத் தன் கையால் செய்துபார்ப்பாள். ஸ்பேனர் வழுக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடிப்பாள். "அண்டாவையே ஒத்தையில புரட்டினவ நான். நீ எந்த மூலைக்கு?" என்று கம்ப்ரசரிடம் நேரடியாகவே பேசுவாள்.

டெய்லருக்குச் சந்தேகம் வந்தது. "அக்கா, இந்த லேட்டுக்கு இவ்வளவு எப்படித் தெரியும்? பையில சொந்த ஸ்பேனரு வச்சிருக்கார். எனக்கென்னவோ கம்பெனி அனுப்பின உளவாளின்னு படுது."

வகுப்பு கதிகலங்கியது. அக்கா நிஜ டீச்சர் இல்லை என்று வகுப்பில் லேட்டு ஒருவருக்குத்தான் தெரியாது. அதைக் காப்பாற்ற ஏற்பாடுகள் நடந்தன. அவர் காதுபட எல்லோரும் "மேடம், மேடம்" என்று உருகினார்கள். வாட்ச்மேன் அவருக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒருமுறை லேட்டு தனியாக வந்து, "மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..." என்று தொடங்கினார்.

"கேட்டா மட்டும்தானே பேசணும்னு சொன்னேன்?"

"சரிங்க மேடம்" என்று போய்விட்டார்.

இதற்கிடையில் பிரின்சிபால் ஜன்னல் வழியாக இரண்டொரு முறை பார்த்திருக்கிறார். ஒருநாள் தன் பேராசிரியர் கூட்டத்தையே அழைத்துவந்தார்.

"பாருங்க, மேடம் ஒரு வார்த்தை பேசறாங்களா? மாணவனையே பேசவைக்கிறாங்க. இதுதான்யா மாடர்ன் முறை! நீங்க எல்லாரும் நாளையிலேருந்து இப்படித்தான் நடத்தணும்."

பேராசிரியர்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு வார்த்தை பேசாமல் சம்பளம் வாங்க யாருக்குக் கசக்கும்?

பிரின்சிபால் கம்பெனிக்கு போன் போட்டு, "நல்ல டீச்சரா அனுப்பியிருக்கீங்க" என்றார். கம்பெனி மேனேஜர், காலேஜ்காரர் தன் ஆளுக்கான பெருமையை அடக்கமாகக் கம்பெனிக்கே தருவதாக நினைத்து, "எல்லாம் உங்க செலக்ஷன் சார்" என்றார். இரண்டு பேருமே அடக்கமானவர்கள் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

கணவன் கட்டிலில் படுத்தபடியே சிரித்தான். "டீச்சரம்மா, பரீட்சை அன்னைக்கு என்ன பண்ணுவீங்க? கேள்வி கேக்கற பக்கமா, பதில் சொல்ற பக்கமா?"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியலை."

"பேசாம உண்மையைச் சொல்லிடேன்."

"இப்ப சொன்னா ரூமைப் பூட்டுவாங்க. எனக்காகப் பொய் சொன்ன வாட்ச்மேன் அண்ணனும் தெருவுல நிப்பார். பரீட்சை வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். அன்னைக்கு எழுதாமலும் விடமாட்டேன்."

பரீட்சை அன்று மூன்று கைகளும் நேரில் வந்தன. பிரின்சிபால், மேனேஜர், சங்கத் தலைவர். தலைவர் ஆரம்ப நாள் போட்டோவோடு காணாமல் போனவர்; இப்போது கடைசி நாள் போட்டோவுக்கு வந்திருந்தார். மேனேஜர் ஒரு ஏசியில் ரகசியமாகக் கோளாறு செய்து வைத்திருந்தார். கண்டுபிடித்துச் சரிசெய்பவர்களுக்கு வேலை.

"மேடம், நீங்க இப்படி எங்க பக்கத்துல உக்காருங்க" என்று பிரின்சிபால் மெத்தை நாற்காலியைக் காட்டினார்.

அக்கா உட்காரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏசியிடம் போனாள். மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "டீச்சர் செய்யக்கூடாதும்மா, ஸ்டூடன்ட்ஸ்தான் செய்யணும்."

"அதான் செய்யறேன்."

வெளி யூனிட்டைத் திறந்தாள். ஃபேன் சுற்றியது, கம்ப்ரசர் ஓடவில்லை. மெயினை அணைத்தாள். அணைத்தாலும், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில் கரண்ட் பதுங்கியிருக்கும் என்பது ஒருநாள் தண்டனையில் வந்த பாடம். அதை இறக்கிவிட்டுத்தான் தொட்டாள். பழையதைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், ஸ்விட்சைப் போட்டாள். கம்ப்ரசர் உறுமியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தது.

அக்கா நிமிர்ந்தாள். "நான் டீச்சர் இல்லைங்க. விடுதியில பாத்திரம் தேய்ச்சவ. சங்கத்துல பேரு கொடுத்துப் படிக்க வந்தவ. வாத்தியார் வரலை, ரூமைப் பூட்டறேன்னாங்க, அதான் நின்னுட்டேன். தப்புதான். ஆனா எனக்கு இந்த வேலை வேணும்."

பிரின்சிபால் மெத்தை நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நீங்க டீச்சர் அனுப்பலையா?" என்றார்.

"டீச்சர் காலேஜ் பொறுப்பு இல்லையா?" என்றார் மேனேஜர். "வாத்தியாரே இல்லாம நடந்த பயிற்சியை எப்படிங்க ஒத்துக்கறது? மேலிடத்துல என்னைக் காய்ச்சிடுவாங்க. மன்னிச்சுக்கோங்கம்மா, இந்த பேட்ச் மொத்தமும் செல்லாது."

டெய்லர் தலையில் கைவைத்தார். வாட்ச்மேன் எதற்கென்று தெரியாமல் இன்னொரு சல்யூட் அடித்தார். போட்டோவிலேயே குறியாக இருந்த சங்கத் தலைவர் போட்டோக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"செல்லாதுன்னா?" அக்கா ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "ஏசி ஓடுதுல்ல? இன்னொண்ணைக் கெடுத்து வைங்க, அதையும் ஓட்டறேன். இவங்க ஒவ்வொருத்தரும் ஓட்டுவாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

"ஓட்டுவீங்கம்மா. யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

பின் பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. பழக்கதோஷம், அனுமதி வந்தால்தான் பேசுவார். அக்காவும் பழக்கதோஷத்தில் தலையசைத்தாள்.

லேட்டு எழுந்து நின்றார்.

"சங்கத்துலேருந்து வாத்தியாரா அனுப்பினது என்னைத்தாங்க சார், முதல் நாள் பஸ் கிடைக்காம கொஞ்சம் லேட்டாயிடுச்சு, மேடம் பின் பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க, உக்காந்துட்டேன்."